மாற்றாமல் அறிய இயலுமா? திறன்பேசிச் சான்றும் அளவையியலும்

ஒரு பொருளை அறியும் செயலே அப்பொருளை மாற்றிவிடுமானால், அவ்வாறு பெற்ற அறிவை மெய்யறிவாகக் கொள்ளலாமா என்னும் வினா அளவையியலுக்கு உரியது. அளவை என்பது அறிவை ஆராய்ந்து மெய்யையும் போலியையும் பிரித்துக் காட்டும் கருவி. வடமொழியாளர் அதனைப் பிரமாணம் என்பர். நெடுங்காலம் மடங்களிலும் வாத மன்றங்களிலும் பேசப்பட்டுவந்த அவ்வினா, இன்று தடய அறிவியல் கூடத்து மேசையின்மேல், காவல்துறை கைப்பற்றிக் கொண்டுவந்த திறன்பேசியின் உருவில் வந்து நிற்கிறது. அக்கருவியிலிருந்து தரவை எடுப்பவர் அதில் எதனையும் மாற்றாமல் எடுக்க வேண்டும் என்று நீதி எதிர்பார்க்கிறது. கருவியின் அமைப்போ அதற்கு இடம் தருவதில்லை. இம்முரணைத் தொழில்நுட்பர்களின் உள்விவகாரம் என்று ஒதுக்கிவிட இயலாது. ஏனெனில் ஒரு மனிதர் வீடு திரும்புவதும் சிறை புகுவதும் அதன் தீர்வைப் பொறுத்து அமையக்கூடும்.

மாற்றாமல் எடுத்தல் என்னும் இலக்கணம் கணினியின் வன்வட்டை முன்வைத்து வகுக்கப்பட்டது. அங்கு அது பெரும்பாலும் நிறைவேறியது. கணினியை அணைத்து, வட்டைக் கழற்றி, படிக்க மட்டும் அனுமதித்து எழுதும் கட்டளைகளைத் தடுத்து நிறுத்தும் ரைட் பிளாக்கர் என்னும் கருவியின் வழியே இணைத்து, வட்டிலுள்ள ஒவ்வொரு பிட்டையும் வரிசை பிறழாமல் படியெடுப்பர். அப்படிக்குப் படிமம் என்று பெயர். பின்னர் மூலத்துக்கும் படிமத்துக்கும் ஹாஷ் மதிப்பைக் கணிப்பர். எத்துணைப் பெரிய கோப்பையும் உள்வாங்கி, நிலையான நீளமுடைய ஓர் எண்ணாக்கித் தரும் கணிப்பு முறையே ஹாஷ் எனப்படுவது. கோப்பில் ஒரே ஒரு பிட் மாறினாலும் அவ்வெண் முற்றிலும் வேறாகிவிடும். இரண்டு மதிப்புகளும் ஒத்திருந்தால், மூலம் மாறவில்லை என்றும் படி மூலத்தை ஒத்தது என்றும் துணிந்து கூறலாம். பத்து ஆண்டுகள் கழித்து வேறொருவர் அதே வட்டைப் படித்தாலும், வட்டு பழுதுபடாதவரை, அதே எண்ணே கிடைக்கும்.

திறன்பேசியின் இயல்பு வேறு. உள்ளே சேர்த்துப் பற்றவைக்கப்பட்டுள்ள அதன் நினைவகத்தை எளிதில் கழற்ற இயலாது; கழற்றினாலும் அதிலுள்ளவை மறையாக்கம் செய்யப்பட்டவை, அதாவது திறவுகோல் இன்றிப் படிக்க இயலாதவாறு உருமாற்றி வைக்கப்பட்டவை. அத்திறவுகோல்கள் கருவியின் சிப்பிலும் உரிமையாளரின் கடவுச்சொல்லிலும் பிணைந்துள்ளன. ஆகவே, பெரும்பாலான நேரங்களில், இயங்கிக்கொண்டிருக்கும் கருவியிடமே கேட்டுத் தரவைப் பெற வேண்டியுள்ளது. இயங்கும் கருவியோ ஒரு நொடியும் சும்மா இருப்பதில்லை. கடிகாரம் ஓடுகிறது, குறிப்பேடுகள் எழுதப்படுகின்றன, பழைய பதிவுகள் கழிகின்றன. ஃபிளாஷ் நினைவகத்தை ஆளும் கட்டுப்பாட்டுச் சிப், எவருடைய ஏவலும் இன்றி, பயன்படாத பகுதிகளைத் தானே துடைத்து ஒழுங்குபடுத்துகிறது. ஒரே திறன்பேசியை அடுத்தடுத்து இருமுறை முழுமையாகப் படியெடுத்தால், இரண்டு படிமங்களின் ஹாஷ் மதிப்புகளும் ஒத்துவருவதை எதிர்பார்க்க இயலாது. தனித்தனிக் கோப்புகள் ஒத்திருக்கலாம், முழுமை ஒத்திராது.

சான்றைக் காக்கச் செய்யும் செயல்களும் சான்றைத் தொடுகின்றன. கைப்பற்றப்பட்ட பேசியை உரிமையாளரோ பிறரோ தொலைவிலிருந்து அழித்துவிடக் கூடாது என்பதற்காக, அலைவரிசைகள் ஊடுருவாத ஃபாரடே பையில் இடுவர். பைக்குள் சென்ற பேசி, கோபுரத்தின் அலை கிடைக்காமையால் தன் ஆற்றலைக் கூட்டிக்கூட்டித் தேடுகிறது. மின்கலம் விரைந்து தீர்கிறது. மின்கலம் தீர்ந்து பேசி அணைந்தால், முன்னர் ஒருமுறை கடவுச்சொல் இட்டுத் திறக்கப்பட்டதனால் நினைவகத்தில் தங்கியிருந்த திறவுகோல்கள் அழிந்துபோகின்றன. மறுபடி மின்னேற்றினாலும், கடவுச்சொல் தெரியாதவருக்குப் பெரும்பகுதி பூட்டியபடியே இருக்கும். பைக்குள் இடாமல் ஃபிளைட் மோடுக்கு மாற்றலாம். அதற்குத் திரையைத் தொட வேண்டும், அத்தொடுகையும் கருவியில் பதிவாகும். எதுவும் செய்யாமல் காத்திருக்கலாம்; 2024இல் வெளிவந்த ஐஓஎஸ் 18.1 பதிப்பிலிருந்து, ஏறத்தாழ 72 மணி நேரம் திறக்கப்படாத ஐபோன் தானே மறுதொடக்கம் கொண்டு திறவுகோல்களைத் துறந்துவிடுகிறது. ஆகவே செயலும் மாற்றம், செயலின்மையும் மாற்றம். தேர்வாளர், அதாவது கருவியை ஆராயும் தடயவியல் வல்லுநர், இவற்றுள் ஒன்றைத் தெரிவு செய்தே ஆக வேண்டும். தெரிவு செய்யாதிருத்தல் என்ற வாய்ப்பு அவருக்கு இல்லை.

எடுக்கும் வேலை தொடங்கிய பின்னரும் இந்நிலை மாறுவதில்லை. பல ஆண்ட்ராய்டு பேசிகளில், தரவைத் திரட்டி வெளியே அனுப்புவதற்கென ஒரு சிறு செயலியைப் பேசிக்குள்ளேயே நிறுவ நேர்கிறது. அச்செயலி வெற்றிடம் என்று கருவி கருதும் பகுதியில் சென்று அமரும்போது, அழிக்கப்பட்ட ஏதேனும் ஒன்றின் எச்சம் அங்கிருந்திருந்தால் அது போயிற்று. உரையாடல்களைச் சேமிக்கப் பெரும்பாலான செயலிகள் கையாளும் எஸ்கியூலைட் என்னும் தரவுத்தளத்தில், புதிதாக எழுதப்பட்டவை முதலில் ஒரு துணைக்கோப்பில் காத்திருந்து, பின்னரே முதன்மைக் கோப்பில் சேர்க்கப்படும். துணைக்கோப்பை விட்டுவிட்டு முதன்மைக் கோப்பை மட்டும் படியெடுப்பவர் அண்மைய செய்திகளை இழப்பார். இரண்டையும் எடுத்தும், அப்படிக்கு இன்னொரு படி எடுத்து வைக்காமல் சாதாரணமாகத் திறந்து பார்ப்பவர், திறந்த அச்செயலாலேயே துணைக்கோப்பை முதன்மையோடு கலக்கச் செய்து, அதில் தங்கியிருந்த பழைய பக்கங்களை அழித்துவிடக்கூடும். பார்வை என்பதே இங்கு ஒரு வினை.

பிரான்சின் லியோன் நகரில் 1910இல் காவல்துறைக்கென ஆய்வுக்கூடம் நிறுவிய எட்மண்ட் லொக்கார், குற்றம் புரிபவர் தம் சுவட்டை விட்டும் இடத்தின் சுவட்டை எடுத்தும் செல்கிறார் என்ற கருத்தை நிலைநாட்டினார். அக்கருத்து குற்றவாளியோடு நின்றுவிடுவதன்று; தேர்வாளருக்கும் அது பொருந்துகிறது. இதனை உணர்ந்தே இங்கிலாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து காவல் தலைமை அதிகாரிகள் சங்கம் வெளியிட்ட வழிகாட்டி, முதல் நெறியாகத் தரவை மாற்றும் எச்செயலும் கூடாது என்று விதித்துவிட்டு, இரண்டாம் நெறியில், மூலத்தைத் தொட நேர்ந்தால் தொடுபவர் தகுதியுடையவராகவும், தம் செயலின் தேவையையும் விளைவையும் மன்றத்தில் விளக்க வல்லவராகவும் இருத்தல் வேண்டும் என்றது. மூன்றாம் நெறியில், செய்த அனைத்தையும் பிறர் திரும்பச் செய்து பார்க்கும் அளவுக்குப் பதிவு செய்யக் கூறியது. இவ்வரிசையில் ஒரு தத்துவ மாற்றம் நிகழ்ந்துள்ளது. முதல் நெறி பொருளைப் பற்றியது. இரண்டாவதும் மூன்றாவதும் அறிபவரைப் பற்றியவை. சான்றின் தூய்மை பொருளிடமிருந்து மனிதரிடம் இடம்பெயர்ந்துவிட்டது.

இவ்விடப்பெயர்ச்சியின் கடுமையை அமெரிக்காவில் நிகழ்ந்த ஒரு வழக்கு காட்டுகிறது. கலிபோர்னியாவின் சான் பெர்னார்டினோவில் 2015 டிசம்பர் 2 அன்று 14 பேர் சுட்டுக் கொல்லப்பட்ட பின், தாக்கியவர்களுள் ஒருவர் அலுவலகப் பயன்பாட்டில் வைத்திருந்த ஐபோன் 5சி கைப்பற்றப்பட்டது. விரைந்து தகவல் பெறும் நோக்கில், எஃப்.பி.ஐ.யின் அறிவுக்கு உட்பட்டே, அப்பேசியோடு இணைந்த ஐக்ளவுட் கணக்கின் கடவுச்சொல் மாற்றப்பட்டது. பழகிய வைஃபை இணைப்பின் அருகே பேசியை வைத்திருந்தால் அது தானே புதிய நகலை ஐக்ளவுடுக்கு அனுப்பியிருக்கக்கூடிய வாய்ப்பு, கடவுச்சொல் மாறியதால் அடைபட்டது. பேசியின் பூட்டை உடைக்க ஆப்பிள் நிறுவனம் உதவ வேண்டும் என்ற நீதிமன்ற ஆணையும், அதனையொட்டி உலகம் முழுவதும் எழுந்த விவாதமும், ஆறு வாரங்களில் வேறொரு வழி கண்டு அரசு வழக்கைத் திரும்பப் பெற்றதும் பலரும் அறிந்தவை. பேசிக்கு வெளியே, வேறெங்கோ உள்ள ஒரு கணக்கைத் தொட்டதும் சான்றைத் தொட்டதாகவே முடிந்தது என்னும் செய்திதான் இங்கு கருதத்தக்கது. தாக்குதலுக்கு அடுத்த 24 மணி நேரத்தில் தவறு நிகழ்ந்தது என்பதை எஃப்.பி.ஐ. இயக்குநர் ஜேம்ஸ் கோமி அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன் ஒப்புக்கொண்டார். அவ்வாறு ஒப்புக்கொள்ளப்பட்டதனால்தான் அதிலிருந்து பிறர் கற்க முடிந்தது.

இனி, எடுக்கப்பட்ட தரவினால் பெறும் அறிவு எவ்வகையைச் சேர்ந்தது என்பதை நோக்க வேண்டும். சைவ சித்தாந்த நூலாகிய சிவஞான சித்தியார் அளவையோடு தொடங்கி, காட்சி, கருதல், உரை என்னும் மூன்றை முதன்மையாகக் கொள்கிறது. புலன்களால் நேரே அறிவது காட்சி, அறிந்ததைக் கொண்டு அறியாததை ஊகித்து உணர்வது கருதல், நம்பத்தக்கவர் சொல்லால் அறிவது உரை. தேர்வாளரின் அறிக்கையில் செய்திகளும் படங்களும் நாளும் நேரமும் இட்டு அச்சிடப்பட்டிருப்பதால், நீதிபதியும் வழக்கறிஞரும் அதனைக் காட்சி என்றே மயங்குவர். உண்மையில் அங்கே காட்சிக்கு உரியது ஒன்றும் இல்லை. பேசியில் இருப்பவை எண்கள். அவற்றை நாளாகவும் சொல்லாகவும் படமாகவும் ஆக்கித் தருவது ஒரு மென்பொருளின் ஊகம்.

ஓர் எடுத்துக்காட்டு இதனைத் தெளிவாக்கும். ஒரு தரவுத்தளத்தின் நேரத்துக்குரிய கட்டத்தில் 700000000 என்ற எண் இருப்பதாகக் கொள்வோம். கணினிகளில் நேரம் என்பது, குறித்த ஒரு தொடக்க நாளிலிருந்து கழிந்த நொடிகளின் எண்ணிக்கை. யுனிக்ஸ் மரபில் தொடக்கம் 1970 ஜனவரி 1. ஆப்பிள் கருவிகளின் பல கோப்புகளில் தொடக்கம் 2001 ஜனவரி 1. முதல் கணக்கின்படி அவ்வெண் 1992 மார்ச் 7ஆம் நாளைக் குறிக்கும். இரண்டாம் கணக்கின்படி 2023 மார்ச் 8, உலகப் பொது நேரம் இரவு 8 மணி 26 நிமிடம் 40 நொடி. இதனை இந்திய நேரமாக்கினால் நாளும் மாறி, மார்ச் 9 அதிகாலை 1 மணி 56 நிமிடம் ஆகிவிடும். 1992 என்ற பிழை எவர் கண்ணிலும் படும். மார்ச் 8 இரவா, 9 அதிகாலையா என்ற பிழை எளிதில் கண்ணில் படாது. குற்றம் நடந்த வேளையில் ஒருவர் எங்கிருந்தார் என்பதே வழக்கானால், உலகப் பொது நேரத்துக்கும் இந்திய நேரத்துக்கும் இடையிலுள்ள அவ்வைந்தரை மணி நேரமே அவருடைய வாழ்வைத் தீர்மானிக்கும். ஹாஷ் மதிப்பு எத்துணைச் செம்மையாக ஒத்திருந்தாலும் இப்பிழையைக் காட்டாது. தவறாகப் படிக்கப்பட்ட எண்ணும் மாறாத எண்ணே.

சீத்தலைச் சாத்தனாரின் மணிமேகலையில், வஞ்சி நகரில் சமயக் கணக்கர்களிடம் மணிமேகலை அவரவர் கொள்கையைக் கேட்கும் காதையில், அளவைவாதி பத்து அளவைகளை உரைத்து, அளவை போலத் தோன்றி அளவை ஆகாத எட்டுப் போலிகளையும் எண்ணிக் காட்டுகிறான். அவற்றுள் சில, திறன்பேசி அறிக்கைகளைச் சோதிப்பதற்கென்றே வகுத்தவை போல அமைந்துள்ளன. ஒன்றை மற்றொன்றாகக் கொள்ளும் திரியக்கோடல் மேற்கூறிய நேரப் பிழை. ஒரு பொருள் உண்டு என்ற அளவில் மட்டும் அறிந்து நின்றுவிடுவது சுட்டுணர்வு. வாட்ஸ்அப் குழுவொன்றில் எவரோ அனுப்பிய படம், உரிமையாளர் திறந்து பாராத நிலையிலும் அவருடைய பேசியில் தானே இறங்கிச் சேமிக்கப்பட்டிருக்கலாம். படம் உண்டு என்பது மெய், அவர் அதனை வைத்திருந்தார், விரும்பினார், பரப்பினார் என்பவை இன்னும் நிறுவப்படாதவை. ஆராயாமலே முடிவு கட்டுவது தேராது தெளிதல். பிறர் சொன்னதனாலேயே ஒன்றை அறிந்ததாகக் கருதிக்கொள்வது நினைப்பு. மென்பொருள் அச்சிட்டுத் தந்ததால் உண்மை என்று ஏற்கும் தேர்வாளரின் நிலை இதுவே.

மென்பொருளும் நடுநிலைக் கருவியாக எப்போதும் நின்றுவிடுவதில்லை. 2021 ஏப்ரலில் சிக்னல் செயலியின் நிறுவனர் மாக்சி மார்லின்ஸ்பைக், பல நாட்டுக் காவல்துறைகள் கையாளும் செல்பிரைட் கருவியின் மென்பொருளில் குறைகள் இருப்பதை வெளிப்படுத்தினார். ஆராயப்படும் பேசியில் தக்கவாறு அமைத்த ஒரு கோப்பு இருந்தால், அதனைப் படிக்க முனையும் கருவியே வசப்பட்டு, அப்பேசியின் அறிக்கை மட்டுமின்றி முன்னரும் பின்னரும் எடுக்கப்படும் அறிக்கைகளும் மாற்றப்படக்கூடும் என்று காட்டினார். அறியப்படும் பொருள் அறியும் கருவியை மாற்றுகிறது. பொருளை மட்டும் காத்தால் போதும் என்ற பழைய எண்ணம் இங்கு முற்றிலும் தகர்கிறது.

பொருள் நிலையற்றது என்பதில் பௌத்தர் கூற்றே திறன்பேசிக்கு நெருக்கமானது. ஒவ்வொரு கணமும் பொருள் அழிந்து அதனையொத்த வேறொன்று தோன்றுகிறது, தொடர்ச்சி என்பது ஒப்புமையால் எழும் எண்ணம் என்று அவர் கூறும் கணபங்கவாதம், நொடிக்கு நொடி தன்னை எழுதிக்கொள்ளும் நினைவகத்தை உள்ளவாறு விவரிக்கிறது. ஆனால் நீதிமன்றத்தின் கேள்வி நியாய மரபினராகிய நையாயிகரின் கேள்வி: அன்று கைப்பற்றியதும் இன்று காட்டப்படுவதும் ஒன்றுதானா? ஹாஷ் மதிப்பு இதற்கு ஒரு பகுதிவிடையே தருகிறது. கணித்த நொடிக்குப் பின் படிமம் மாறவில்லை என்பதற்கு அது உறுதி. கணிப்பதற்கு முன் நடந்தவை பற்றி அதனிடம் விடை இல்லை. கணிப்பு முறைகளும் மூப்படைகின்றன: எம்டி5 முறையில் இரு வேறு கோப்புகள் ஒரே மதிப்பைத் தருமாறு செய்ய இயலும் என்பது 2004இலும், ஷா-1 முறையில் 2017இலும் மெய்ப்பிக்கப்பட்டன.

காட்சி இங்கில்லை, கருதல் பிழைபடக்கூடும்; ஆகவே எஞ்சுவது உரை என்னும் அளவை. அதன் வலிமை உரைப்பவரைப் பொறுத்தது. நியாய சூத்திரத்துக்கு உரை கண்ட வாத்ஸ்யாயனர், நம்பத்தக்கவருக்கு வகுத்த இலக்கணம் இரண்டு கூறுகளை உடையது: பொருளைத் தாமே நேரில் அறிந்திருத்தல், அறிந்தவாறே சொல்லும் விருப்பம் உடையவராயிருத்தல். இவ்விலக்கணம் முனிவர்க்கும் உயர்ந்தோர்க்கும் மிலேச்சர்க்கும் பொது என்று அவர் சேர்த்துக் கூறியது போற்றத்தக்கது. பிறப்பும் பதவியும் சீருடையும் ஒருவரை நம்பத்தக்கவர் ஆக்குவதில்லை. தேர்வாளரின் சொல் ஏற்கப்படுவது அவர் அரசு ஊழியர் என்பதனால் ஆகாது. தாம் கருவியைத் தொட்ட இடங்களையும் அதனால் மாறியவற்றையும் மறைக்காமல் கூறுவதனாலேயே ஆகும். மாற்றம் நிகழவே இல்லை என்று எழுதும் அறிக்கையைவிட, இன்ன நேரத்தில் இன்ன செயலியை நிறுவினேன், இன்ன பதிவுகள் அதனால் மாறின என்று எழுதும் அறிக்கை மெய்ம்மைக்கு அருகில் உள்ளது. முன்னது பெரும்பாலும் அறியாமை, சில நேரம் பொய்.

இந்தியச் சட்டம் உரையின் இன்றியமையாமையைத் தன் வழியில் கண்டுகொண்டுள்ளது. மின்னணுப் பதிவின் நகலை ஏற்கச் சான்றிதழ் வேண்டும் என்று 2014இல் அன்வர் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்து, 2020இல் அர்ஜுன் பண்டிட்ராவ் வழக்கில் அதனை உறுதிசெய்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள புதிய சான்றுச் சட்டமாகிய பாரதிய சாக்ஷிய அதினியம், 63ஆம் பிரிவில், அச்சான்றிதழில் சாதனத்துக்குப் பொறுப்பானவரோடு வல்லுநர் ஒருவரும் கையொப்பமிட வேண்டும் என்கிறது. சான்றிதழ்ப் படிவத்தில் ஹாஷ் மதிப்பும் கணிப்பு முறையும் குறிக்கப்பட வேண்டும். தேடுதலையும் கைப்பற்றுதலையும் ஒலி, ஒளிப் பதிவாக்க வேண்டும் என்று குற்றவியல் நடைமுறைச் சட்டமாகிய பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 105ஆம் பிரிவு விதிக்கிறது. இவை நல்ல படிகள்.

எடுக்கும் முறை செம்மையாக இருப்பது, எடுப்பதற்கு உரிமை உண்டு என்பதாகிவிடாது என்பதையும் ஒரு சொல்லேனும் கூறாமல் விட இயலாது. ஒருவரின் மனத்துக்குள் அவர் விருப்பமின்றி நுழையும் நார்கோ சோதனையை 2010இல் செல்வி வழக்கில் உச்ச நீதிமன்றம் விலக்கியது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017இல் புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். திறன்பேசியில் உரிமையாளரின் நினைவு மட்டுமின்றி, வழக்கோடு தொடர்பற்ற தாய், நண்பர், மருத்துவர் ஆகியோரின் சொற்களும் உள்ளன. வழக்குக்கு வேண்டியதை மட்டும் எடுப்பதும், எடுத்த பிறவற்றைக் காத்து அழிப்பதும் தேர்வாளரின் கடமையின் பகுதியே.

குறை ஒன்று எஞ்சியுள்ளது. புதிய சான்றுச் சட்டத்தின் சான்றிதழ்ப் படிவம் ஹாஷ் மதிப்பைக் கேட்கிறது. தேர்வாளர் கருவியில் செய்த மாற்றங்களை எழுத அதில் தனி இடம் இல்லை. எம்டி5, ஷா-1 முறைகள் இன்னும் அதில் இடம்பெற்றுள்ளன. கைப்பற்றிய நேரம், அப்போது பேசி திறந்திருந்ததா பூட்டியிருந்ததா, பையில் இட்டவர் யார், எந்த மென்பொருளின் எந்தப் பதிப்பு கையாளப்பட்டது, அது எதனை மாற்றியது என்னும் விவரங்களுக்கு அப்படிவத்தில் கட்டங்கள் சேர்க்கப்பட வேண்டும். அதன் நகலொன்று, குற்றம் சாட்டப்பட்டவர் கேட்பதற்கு முன்பே, அவர் கையில் கொடுக்கப்பட வேண்டும்.